இரண்டு கடலுக்கு ஒரு சட்டை

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இரண்டு பேருக்குப் பவுடர் பூசுகிறேன். முதலில் பத்து மாதமான மகளுக்கு, பிறகு அவளுடைய அப்பாவுக்கு. மகளுக்கு ஒரு கை போதும். அவருக்கு முதுகு, தோள், தொடை என்று அரை டின் போய்விடும். பூசாவிட்டால் இறப்பர்ச் சட்டை தோலைப் பிடித்துக்கொண்டு ஏற மறுக்கும். இரட்டைப் பிள்ளைகளா என்று பவுடர் விற்கும் பெண் ஒருநாள் கேட்டாள். பிள்ளை ஒன்றுதான், மற்ற டின் என் கணவருக்கு என்றேன். அதன்பின் அவள் ஒன்றும் கேட்பதில்லை.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு விளக்கம் வேண்டும். கடல்மீன்களைப் பற்றிப் படிக்க என் கணவர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைப் பட்டினம் ஒன்றுக்கு வந்திருக்கிறார். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக் கடலடிக்கு இறங்குவதும் அந்தப் படிப்பில் சேர்த்தி. முத்துக்குளிப்பு, சங்கு குளிப்பு என்றே சொல்லிப் பழகிய நான், வீட்டுக்கார அம்மாவிடம் இவர் ஞாயிறுதோறும் கடலில் குளிக்கப் போகிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவருடைய முகம் சுருங்கியது. சுடுதண்ணீருக்குத் தான் ஒருநாளும் தடை சொன்னதில்லையே என்றார். அன்று மாலையே தொட்டி நிறைய ஆவி பறந்தது. எங்கள் மொழியில் கடலில் மூழ்கவும் மேல் கழுவவும் ஒரே சொல்தான் என்று விளக்க எனக்குத் துணிவு வரவில்லை. என் கணவரை இன்னொரு முறை குளிக்க அனுப்பினேன்.

நான் உருத்திரபுரத்து வயற்காரர் வீட்டுப் பெண். வாய்க்கால் தண்ணீர் முழங்காலைத் தாண்டினாலே பயப்படுவேன். கலியாணம் முடிந்து முல்லைத்தீவுக்குப் போன பிறகுதான், இவர் முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூழ்குவதைக் கரையில் நின்று பார்த்தேன். அரைக் காற்சட்டை, பழைய நீளக்கைச் சட்டை, அவ்வளவுதான் உடுப்பு. சட்டை குளிருக்கா என்று மாமியிடம் கேட்டேன்.

"குளிரோ பிள்ளை? சொறிமுட்டை ஒருக்கால் தடவிப்போட்டுப் போகட்டும், சட்டை ஏனெண்டு விளங்கும்," என்று சிரித்தா. பட்ட இடமெல்லாம் எரியவைக்கும் ஜெல்லிமீனைத்தான் அங்கே சொறிமுட்டை என்பார்கள்.

அந்தக் கடலில் காலை வைத்தால் தண்ணீர் எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இங்கே அப்படியல்ல. இங்கே குளிர்தான் ஆளைக் கொல்லும். அதற்காக நியோப்ரீன் என்ற இறப்பர்த் தகட்டை வாங்கி, காகித மாதிரியைப் பார்த்து வெட்டி, வீட்டிலேயே பசை பூசி ஒட்டிக்கொள்கிறார்கள். கடையில் தடித்ததும் இருந்தது, மெல்லியதும் இருந்தது. இந்தக் கடலுக்குத் தடித்ததுதான் என்றார் கடைக்காரர். மெல்லியதைக் கேட்டவள் நான். படிப்பு முடிந்து ஊருக்குப் போனால் முல்லைத்தீவிலும் போடலாமே என்று நினைத்தேன். வெட்டும்போது மாதிரியின் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலமும் விட்டேன். உடுப்பு என்றால் காற்றுப் புக வேண்டும், உடம்பு வைத்தால் பிரித்துவிட இடம் வேண்டும். தையல் வகுப்பில் எனக்குச் சொல்லித்தந்தது அதுதான்.

ஊரில் வெயில் தீய்க்கும் பங்குனியில் இவர் முதல்முறை இறங்கினார். மகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கல்லுக் கரையில் நின்றேன். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். உதடு நாவற்பழம் தின்றவர் மாதிரி இருந்தது. மூழ்குவதற்குப் பாரமாக இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டியைக் கழற்ற விரல்கள் மடங்கவில்லை. கூடப் போனவர்தான் கழற்றிவிட்டார். கைகளைத் தொங்கவிட்டதும் சட்டைக் கைகளிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

"நல்ல சட்டை," என்றார் பல் கிடுகிடுக்க. "கடல் முழுக்க உள்ளுக்கை வந்து சுகம் விசாரிச்சிட்டுப் போகுது."

"இஞ்சேருங்கோ, தண்ணி உள்ளுக்கை வரக்கூடாதெல்லோ?"

"வரலாமப்பா. வந்தது திரும்பிப் போகக்கூடாது. கொஞ்சத் தண்ணி தோலோடை ஒட்டி நிண்டால் உடம்பு அதைச் சூடாக்கிப்போடும். உம்மடை கையாலை வெட்டின சட்டையிலை அதுக்கு நிக்க இடமில்லை, ஓடத்தான் இடமிருக்கு."

சில கிழமைகளில் ஆழத்தில் இறங்கும் தேர்வு வரவிருந்தது. போகவேண்டாம் என்ற சொல் என் வாய்வரை வந்தது. போகாவிட்டால் கடல் தாண்டி வந்ததே வீண். போய், அடியில் வைத்து அந்த விரல்கள் மரத்துப்போனால்? மகளுக்குக் கஞ்சி தீத்தும்போதும் எனக்கு இதே யோசனைதான். கடைசியில் ஒரு மத்தியானம் சட்டையைக் குசினி மேசையில் விரித்தேன். நான் விட்டிருந்த விரல் அகலத்தை இரண்டு பக்கமும் கத்தரித்தேன். எஞ்சியிருந்த தகட்டில் உள்ளே போடக் கையில்லாத இன்னொரு சட்டை ஒட்டினேன். இனி இது முல்லைத்தீவுக்கு உதவாது. அங்கே போட்டால் மனிதர் அவிந்துபோவார். தெரிந்துதான் வெட்டினேன். இருந்தும் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தரி நின்று நின்றுதான் போனது.

போன ஞாயிறு தேர்வு. நீர்மேல் குமிழிகள் வந்துகொண்டிருந்தவரை அவற்றையே பார்த்தேன். அவை அலைக்குள் மறைந்ததும் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் காலுறையை இழுப்பதிலேயே கவனமாக இருந்தாள். பிறகு கரையோரம் ஒரு கறுத்த தலை எழும்பியது. இவர் நடந்து வந்து, ஈயப் பட்டியைத் தன் விரல்களாலேயே கழற்றிக் கல்லில் வைத்தார். கையை என்னிடம் நீட்டினார்.

சட்டைக் கையின் ஓரத்தை இழுத்துப் பிடித்தேன். உள்ளே நின்ற கொஞ்சத் தண்ணீர் என் உள்ளங்கையில் வழிந்தது. இந்த ஊர்க் கடல்தான். ஆனால் முல்லைத்தீவுக் கடலின் சூடு. காலுறை கழன்றிருந்த மகளின் வெறுங்காலில் அதைத் தடவினேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. விரலிடுக்கால் ஒழுகிய மிச்சம் கல்லில் விழுந்து, விழுந்த இடத்திலேயே குளிர்ந்துபோனது.