புருஷன் பேரை எழுதியவள்

குரும்பகரத்தில் பூவாயியைப் பேசி ஜெயித்தவர் கிடையாது. நடவு வயலில் அவள் வாயைத் திறந்தால் வரப்பில் நிற்கும் பண்ணைக்காரரே குடையைச் சாய்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அதே பூவாயி வீட்டுக்குள் புருஷன் தங்கையண்ணன் முன்னால் வாயில்லாப் பூச்சி. பக்கத்து வீட்டுக்காரியான எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1980இல் மகள் அல்லி வயதுக்கு வந்ததும் தங்கையண்ணன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். "நாத்து பறிக்க வரட்டும். பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்றார். அல்லி அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். பெற்றவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது நானும் பூவாயியும் முதியோர் கல்வி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் வகுப்பில் குஞ்சிதபாதம் சார், "படிப்பு எதுக்கு? அடுத்தவங்களப் பாக்காம, உங்க மனசுல உள்ளத எழுதுங்க" என்றார். பஸ் போர்டு படிக்க என்று எழுதிவிட்டு நான் கொட்டாவி விட்டேன். பூவாயி குனிந்த தலை நிமிரவில்லை. எழுதிய தாளைக் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

வாசலில் தங்கையண்ணன் மடக்கினார். "பெரிய கலெக்டரு! என்னத்த எழுதுன? வாசி, கேப்போம்."

தாளைப் பிரித்தவளுக்கு வாய் வரவில்லை. முதல் வார்த்தையே புருஷன் பேர். கட்டிக்கொண்ட நாள் முதல் அவள் நாக்கில் ஏறாத பேர். கை எழுதிவிட்டது, வாய் எப்படிச் சொல்லும்? மகளிடம் நீட்டினாள்.

அல்லி தடங்கலில்லாமல் வாசித்தாள்.

"தங்கையன், படிப்பு எதுக்குன்னு கேட்டீங்க. அப்ப எனக்குப் பதில் தெரியல. நடவு நடுறப்ப நாங்க பின்பக்கமாவே நகந்து போறோம். நட்டது தெரியும், போற எடம் தெரியாது. என் காலமும் அப்படியே போயிட்டு. இன்னக்கி எழுத உக்காந்தப்பதான் எங்க போறேன்னு திரும்பிப் பாத்தேன். இதுக்குத்தான் படிப்பு. அல்லி இப்பவே பாத்து நடக்கட்டும்."

தினமும் என் பக்கத்தில் குனிந்து நட்டவள்! இவளுக்குள் இவ்வளவும் எங்கே இருந்தது என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தங்கையண்ணன் சிரிக்கவில்லை. தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அல்லி நேராகத் திருப்பி வைத்தாள்.

"இதுல எம் பேரு எது?"

காட்டினாள். அதன்மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"பேரச் சொல்லிக் கேட்டுட்டா ஒங்கம்மா" என்றார். "இனிமே நான் எப்படி மாட்டேங்குறது? நாளைக்குப் பள்ளிக்கொடத்துக்குப் போ."