வாப்பாவின் முரசில் இரத்தம் வந்த நோன்பு

நோன்பு திறக்கும் பாயில் உம்மா இருந்தார், தங்கச்சி ரிஸ்னா இருந்தாள், சுவரில் சாய்த்து வைத்த போனுக்குள் நான் இருந்தேன். வாப்பா இல்லை. பல் பிடுங்கிய வாயை நான் பார்க்கக் கூடாதென்று அடுப்படியில் கஞ்சி குடிக்கிறாராம். சாய்ந்தமருதில் மஃரிப் பாங்கு சொல்லும்போது மான்செஸ்டரில் பகல் ஒரு மணிகூட ஆவதில்லை. அவர்கள் பேரீச்சம்பழம் கடிப்பதைப் பார்த்துவிட்டு, மீதி நோன்போடு ஆய்வுகூடத்துக்குத் திரும்புவேன். இத்தனை காலமாகியும் இது எனக்குப் பழகவில்லை.

பல்லுக்கும் முரசுக்கும், அதாவது ஈறுக்கும், இடையில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, அதில் ஊறும் நீரில் உள்ள புரதங்களை அளப்பது என் வேலை. முரசு நோயில் சில புரதங்கள் கூடும். அதுதான் எங்களுக்கு அடையாளம். புகைப்பவர்களிடம் அந்த அடையாளம் குழம்பிவிடுகிறது. கூட வேண்டியவற்றில் சில குறைந்து நிற்கும். முரசு வெளிறி இறுகியிருக்கும், தொட்டாலும் இரத்தம் வராது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அண்மையில் பரிசோதனைக்கு வந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர், வாழ்நாள் முழுக்கப் புகைக்கிறேன், ஒரு சொட்டு இரத்தம் கண்டதில்லை என்றார். நான் தலையாட்டினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

வாப்பா கடலுக்குப் போகிறவர். குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான் என்பதால் என் சொல்லுக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. போன வருஷம், நோன்புக்கு முந்திய மாதம், நான் கெஞ்சியதற்காகச் சிகரட்டை விட்டார். தலைநோன்பு வந்தபோது முரசில் இரத்தம் கசியத் தொடங்கியது. புகை அடக்கி வைத்திருந்த நோய் இப்போதுதான் வெளியே தெரிகிறது, டொக்டரிடம் போங்கள் என்றேன்.

"சிகரட் குடிக்கக்குள்ள வராத ரத்தம் விட்டதுக்குப் பொறகு வருது. இதுதானா மகன் நீ படிச்ச படிப்பு?"

"துப்பினா நோன்பு முறியாது வாப்பா."

"வலை இழுக்கிறவன் துப்பிக்கொண்டா நிக்கிற? உள்ளுக்குப் போனா நோன்பு போயிரும். போன நோன்புக்குப் பதிலா கழா நோன்ப நீயா வந்து புடிக்கப்போறாய்?"

தோணிக்காரர்களும் விடவில்லை. "மகன் லண்டனில வெள்ளக்காரன்ட பல்லுக்குள்ள கடதாசி வெக்கிறானாம், இஞ்ச வாப்பாட வாயில ரத்தம் ஓடுது," என்று சிரித்தார்களாம். நோன்பைக் காப்பாற்ற வாப்பா விடியுமுன் சஹர் நேரத்தில் மறுபடி பற்றவைத்தார். நோன்பு திறந்ததும் இன்னொன்று. நாட்போக்கில் இரத்தம் நின்றது. "மருந்து நானே கண்டுபுடிச்சிட்டன்" என்று குரல்பதிவு அனுப்பினார். அதன்பின், இந்த வருஷம் பற்கள் ஆடத் தொடங்கும்வரை, டொக்டரிடம் போகவே இல்லை. நானும் விளக்கி விளக்கிக் களைத்துப்போனேன். இரத்தம் வருவதை நல்ல சேதியாக ஒரு நோன்பாளிக்கு எப்படிச் சொல்வது?

"காக்கா, வாப்பா சிகரட்ட விட்டுட்டார்," என்றாள் ரிஸ்னா இன்று போனில். "வலை இழுக்கக்குள்ள கடிச்சிப் புடிக்க முன்னுக்குப் பல்லு ஒண்டுமில்லயே."

உம்மா அவளை அதட்டிவிட்டுத் தானும் சிரித்தார். "அந்தப் போன வெய்ங்க கா," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. சொற்களில் காற்றுப் போனது.

ஆய்வுகூடத்தில் என் மேற்பார்வையாளர், வாப்பா இன்னும் புகைக்கிறாரா என்று கேட்டார். நிறுத்திவிட்டார் என்றேன். "பிரில்லியன்ட்" என்று தோளில் தட்டி, எல்லாம் உன்னால்தான் என்றார். நன்றி சொன்னேன். வாப்பாவைத் திருத்திய மகனாக அந்த மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தேன். வாப்பா முகம் காட்ட மறுத்த மகனும் அதே நாற்காலியில்தான் இருந்தான். கல்முனை ஆஸ்பத்திரியில் பிடுங்கியது கீழே ஆறு, மேலே மூன்று. மொத்தம் ஒன்பது பற்கள்.