இடது பக்கத்து பிரேக் பேட்

வேகத்துக்கென்றே செய்த கார் அது. ஹட்டன் பஜாரில் அதை முதல்முறை நிறுத்தியபோது நாலு பேர் வந்து என் கணவருக்குக் கைகொடுத்தார்கள். அவர் டிக்கோயாவில் பள்ளிக்கூட வாத்தியார். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாதவர். நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு பத்து வருஷம் கொழும்புக்கு லொறி ஓட்டியவள் நான். இன்றைக்கு மூன்று லொறி வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டு, புதிதாக, வொரண்டியோடு அந்தக் காரை வாங்கியதும் நான்தான்.

ஏழாவது மாதம் பொகவந்தலாவையிலிருந்து இறங்கிவரும்போது இடது முன் சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கமாக இழுத்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். மற்ற மூன்று சக்கரமும் வெதுவெதுப்பாக இருந்தன. இதன் கிட்டே கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. அதற்கு மேல் ஓட்டுவது தப்பு என்று தெரியும். அடுத்த நாள் காரை ஒரு லொறியில் ஏற்றி கொழும்பில் அதை விற்ற கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம்.

நாங்கள் போவதற்குள் முன் சக்கரங்களைக் கழட்டிப் பார்த்துவிட்டிருந்தார்கள். மேசையில் இருந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர். நான் நடந்ததையெல்லாம் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். அவர் என் கணவரைப் பார்த்து, ஐயா என்று சிங்களத்தில் கூப்பிட்டுப் பதில் சொன்னார்.

"மஹத்தயா, பிரேக் பேட் தேயுற சாமான். அதுக்கு வொரண்டி இல்ல."

"கார் அவங்களோடது. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் இவர்.

"சரி சரி" என்று சிரித்துவிட்டு, என்னை நோனா, அதாவது அம்மணி, என்று சுட்டி மறுபடியும் இவரிடமே பேசினார். "நோனா பிரேக்ல கால வச்சிக்கிட்டே ஓட்டுறாங்கபோல. தேயிலத் தோட்டப் பக்கத்து ஆளுங்க எறக்கத்துல அப்படித்தான் ஓட்டுவாங்க. மலையில ஓட்டுறதுக்கு இதவிட உசத்தியான பேட் எங்ககிட்ட இருக்கு. அதப் போட்டுக்கச் சொல்லுங்க."

"அதப் போட்டா பிரேக்குக்கு வொரண்டி இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்ல மஹத்தயா. காரோட வந்த பேட மாத்தினா வொரண்டி போயிரும்."

அவர்களே விற்கிற பேடைப் போட்டால் அவர்கள் கொடுத்த வொரண்டியே போய்விடுமாம்! இதைச் சொல்லிக்கொண்டே வேலைச் சீட்டில் 'ஓட்டுநரின் பிழை' என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி என் கணவர் பக்கம் தள்ளினார். மூட்டை ஏற்றிய லொறியைப் பனிமூட்டத்தில் ரம்பொடை வளைவுகளில் பிரேக்கை நம்பாமல் கியரிலேயே இறக்கியவள் நான். எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது என்று, ஒரு மலையைக்கூட இறங்கிப் பார்க்காத ஆள் எழுதுகிறார்.

"கழட்டின பேட் நாலையும் கொண்டாங்க. பாக்காம கையெழுத்து இல்ல" என்றேன்.

வாடிக்கையாளர்களுக்கு அதையெல்லாம் காட்டுவதில்லை என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்து மேசை முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. நகரவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து நரைத்த தலையோடு ஒரு மெக்கானிக் வந்து, சக்கரத்துக்கு உள்ளொன்று வெளியொன்றாக நாலு பேடையும் துணியை விரித்து வைத்தார். வலது பக்கத்து இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன, இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். இடது பக்கத்து வெளிப் பேடும் அப்படித்தான். உள் பேட் மட்டும் தகடு தெரியத் தேய்ந்து நீலம் பாரித்துக் கிடந்தது.

"ஒரே பெடல்தான இருக்கு? இடது டயரோட உள்பக்கத்துக்கு மட்டும் தனியா நான் எப்படிங்க பிரேக் அடிக்கிறது?"

கழுத்துப்பட்டிக்காரர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மெக்கானிக்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பேட அமுக்குற பிஸ்டன் எறுகிப்போச்சு மிஸ். அமுக்கினது திரும்பி வரல. இது ஓட்டுறவங்க பிழையில்ல."

அவர் சொன்னது அந்த ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. மனேஜர் வந்தார். பேடையும் பார்த்தார், சீட்டையும் பார்த்தார். பிஸ்டனோடு சேர்த்து அந்தப் பகுதி முழுவதும், முன்பக்கத்து நாலு பேடும் வொரண்டியில் மாற்றித் தருவதாகச் சொன்னார். 'ஓட்டுநரின் பிழை' என்ற வரியை அடிக்கச் சொன்னேன். அடித்தார், பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த மெக்கானிக்குக்கு நன்றி சொல்லத் தேடினேன், அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தார்.

மூன்றாம் நாள் காரை எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

"விடு, வேல முடிஞ்சிருச்சில்ல" என்றார் கணவர்.

"எது முடிஞ்சிச்சு? பிஸ்டனப் பத்தித் தெரியாத ஒருத்தி போயிருந்தா கையெழுத்து வாங்கிட்டுத்தான அனுப்பியிருப்பாங்க?"

கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். கோப்பையைப் பார்த்தபடியே அவர் சொன்னார். "அந்த ஆளு என்னப் பாத்துப் பேசுனப்பவே நான் எந்திரிச்சு வெளிய போயிருக்கணும். அப்ப உன்கிட்டத்தான பேசியாகணும்."

"ஆமா, போயிருக்கணும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. அங்கிருந்து ஹட்டன் வரைக்கும் எல்லா வளைவிலும் கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. எனக்குக் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை.