பிச்சைமுத்துவின் கறி வாளி

"கறி வேணுமா, வேணாமா?"

ஒவ்வோர் இலைக்கு முன்னும் நின்று பிச்சைமுத்து இப்படித்தான் கேட்கிறார். "போதும்ப்பா" என்று யாராவது சொன்னால், "சரிங்க" என்று அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். சொன்னவர் வெறும் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கீரமங்கலம் வட்டார மொய் விருந்துகளில் பதினெட்டு வருடமாகக் கறி பரிமாறுகிறவர். யார் "போதும்" என்றால் இரண்டு கரண்டி கூடுதலாக வைக்க வேண்டும் என்பதை முகம் பார்த்தே அறிந்திருந்தவர். 2022 மார்ச் 11 அன்று பேராவூரணிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்தார். தலையில் அடி. நடை, பேச்சு, ஞாபகம் எல்லாம் திரும்பி வந்தன. எதிரில் இருப்பவர் முகத்தில் உள்ளது கோபமா, கூச்சமா, கேலியா என்பது மட்டும் பிடிபடவில்லை. வாயால் சொன்னதுதான் அவருக்குச் செய்தி.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போறது" என்று யாராவது வாசலில் உபசாரத்துக்குச் சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார். புதுச் சட்டை எப்படி என்று கேட்ட மைத்துனரிடம், "வயிறு தெரியுது மாப்ள" என்றார்.

வீட்டில் மனைவி செவந்தி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்.

"இந்தாங்க, நான் கோவமா இருக்கேன்."

"எம்புட்டு நேரத்துக்கு?"

"பொழுது சாயுற வரைக்கும்."

"அப்ப நான் கடைவீதிக்குப் போயிட்டு வாரேன்."

பந்தியில் அப்படி வழி பிறக்கவில்லை. சென்ற ஆடியில் ஒரு வீட்டுச் சம்பந்தி, மரியாதைக்கு "வேண்டாம்" என்று சொன்னவர், கறியில்லாத இலையை மூடிவிட்டு எழுந்து போனார். பந்திப் பொறுப்பாளர் ஆத்மநாதன் பிச்சைமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இன்னும் ஒரு ஆளு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போனா, வாளிய வச்சுட்டு அங்கிட்டுப் போயி தண்ணி ஊத்து."

"தண்ணி யாரு வேணும்னாலும் ஊத்தலாம்," என்று பிச்சைமுத்து செவந்தியிடம் இரண்டு முறை சொன்னார்.

அடுத்த விருந்தில் செவந்தி பெண்கள் வரிசையின் முதல் இலையில் உட்கார்ந்தார். பொது இடத்தில் இன்னும் கொஞ்சம் என்று கேட்டே அறியாதவர். கணவர் வந்து நின்றதும், பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"வேணும்! ரெண்டு கரண்டி வைங்க. ஈரலும் வேணும்."

"ஏண்ணே, ஒங்க பொண்டாட்டிக்கு மட்டுந்தானா ஈரலு? எனக்கும் வைங்க!" என்றது பக்கத்து இலை.

சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. "இங்கிட்டும் வாங்க மாமா!" என்று கடைசி இலைவரை கேட்டு வாங்கினார்கள். இரண்டாவது வாளி வந்தது.

கடைசிப் பந்தியில் ஆத்மநாதன் உட்கார்ந்தார். பிச்சைமுத்து குனிந்து கேட்டார். பழக்கதோஷத்தில் ஆத்மநாதன், "எனக்கு எதுக்குப்பா, போதும்," என்றார்.

"சரிங்க."

பிச்சைமுத்து நகர்வதற்குள் ஆத்மநாதன் இடது கையை நீட்டி வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வேணும்ப்பா, வை."