வளைவில் நின்ற வெள்ளைச் சைக்கிள்

ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் புது வேலை கிடைத்தது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகக் குரல் கொடுக்கும் சிறிய சங்கம் ஒன்று கோலா சிலாங்கூரில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இயங்கியது. தோட்டத்துப் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து தொழிற்சாலை வேலையை விட்ட நாள்வரை நான் சைக்கிளிலேயே போய் வந்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. நேர்காணலில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சங்கத்தை நடத்திய பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கார் ஓட்டாததற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள்.

முதல் வாரமே என்னைப் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அனுப்பினாள். ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வளையும் சாலையில், விடிகாலையில் வேலைக்குப் போன ஒரு தொழிலாளியை லோரி மோதிக் கொன்றிருந்தது. அப்படி இறந்தவரின் சைக்கிளுக்கு வெள்ளைச் சாயம் அடித்து அதே இடத்தில் நிறுத்துவது எங்கள் சங்கத்தின் வழக்கம். பார்க்கிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள் என்ற நம்பிக்கைதான். இறந்த தொழிலாளியின் மனைவியிடம் சம்மதம் கேட்பது என் பொறுப்பாயிற்று.

தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்தில் அந்த அக்கா தனியாக இருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, பின்கட்டிலிருந்து சைக்கிளை எடுத்து வந்தார். முன் சக்கரம் கோணியிருந்தது. அதன் மட்கார்டு மோதலில் பிய்ந்து எங்கோ போய்விட்டது. மண்ணைக்கூட அவர் துடைத்திருக்கவில்லை.

"வெள்ளை அடிச்சிட்டா அவருக்கு அடையாளம் தெரியுமா?" என்று கேட்டார்.

பிறகு கைப்பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

சக்கரத்தை ஓரளவு நிமிர்த்தி, சாயம் அடித்து, வளைவில் ஒரு கம்பத்தோடு சங்கிலியால் பூட்டினோம். லோரிகள் உண்மையிலேயே மெதுவாகப் போக ஆரம்பித்தன. அலுவலகத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கொஞ்ச நாளில் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி போன் செய்தார். விடிகாலையில் செம்பனைப் பழம் ஏற்றும் நடைக்கு லோரி ஓட்டுநர்கள் வர மறுக்கிறார்களாம். வெள்ளைச் சைக்கிளின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறாராம். ஒரு காலை மிதியில் வைத்துக்கொண்டு, சாலையைக் கடக்கக் காத்திருப்பவர்போல. விபத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த ஓட்டுநர் ஒருவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவரும் அதையே சொன்னாராம். சைக்கிளை எடுத்துவிடும்படி தோட்டத்து மேனேஜர் கேட்டார்.

"நீங்க இந்த மாதிரி தோட்டத்து ரோட்லயே ஓட்டி வளந்தவங்க ஆன்ட்டி," என்றாள் சங்கத்தை நடத்திய பெண். "காலையில ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க. பயமா இருந்தா வேணாம் லா."

பயமில்லை என்றேன். முந்தின நாளே அந்த ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, வெளுக்கத் தொடங்கியதும் சைக்கிளில் கிளம்பினேன். பனி செம்பனை மரங்களின் அடியில் படுத்திருந்தது. வழியில் ஒரு நாய்கூட இல்லை. வளைவை நெருங்கும்போது பின்னால் இன்னொரு சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. முன் சக்கரம் மட்கார்டில் உரசும் சத்தம், சுற்றுக்கு ஒருமுறை. வேலைக்குப் போகிற யாரோ என்று நினைத்து, வழக்கம்போல இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன்.

சத்தம் என்னை ஒட்டி வந்தது. என் முழங்கைக்கு அருகில் காற்று லேசாக அசைந்தது. அது என்னை முந்திக்கொண்டு முன்னால் போயிற்று. சாலையில் யாரும் இல்லை. வளைவில் வெள்ளைச் சைக்கிள் பூட்டியபடியே நின்றது. மட்கார்டு இல்லாத அதன் முன் சக்கரம் அசையவில்லை.

நான் இறங்கவில்லை. கால்கள் தாமாகவே மிதித்தன. நேரே அந்த அக்கா வீட்டு வாசலில்தான் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாத்தியா?"

"பாக்கலக்கா. சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"மட்கார்டு உரசுற சத்தமா?"

நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி பண்ணுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்," என்றார் அவர். "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்னாரு."

அலுவலகத்தில், பனி அதிகம் என்றும் லோரிகள் மெதுவாகப் போகின்றன என்றும் மட்டும் சொன்னேன். மேனேஜரைச் சந்தித்தபோது, சாலையோரம் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டால் வெள்ளைச் சைக்கிளை எடுத்துவிடுவதாக சங்கத்துப் பெண் பேரம் பேசினாள். வளைவை ஒட்டிய நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் அவரால் முடிவெடுக்க முடிந்தது. சங்கம் எத்தனையோ முறை எழுதிக் கேட்டும் கிடைக்காத பாதை, ஓட்டுநர்களின் பயத்தால் கிடைத்தது. விடிவதற்கு முன் லோரி ஓடுவதும் நின்றது.

பாதை முடிந்ததும் அக்கா சைக்கிளைத் திரும்பக் கேட்டார். ஒரு மாலையில் நானும் அவரும் போய்ப் பூட்டைத் திறந்தோம். நான் தள்ளினேன். அவர் மறுபக்கம் நடந்தார். சைக்கிளுக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் விட்டே வந்தார். பாதை குறுகிய இடங்களில் அவர் புல்லில் இறங்கி நடந்தாரே தவிர, அந்த இடத்துக்குள் வரவில்லை.

பின்னால் ஒரு லோரி வந்தது. எங்களை முந்தவில்லை. லயத்துப் பக்கம் நாங்கள் திரும்பும்வரை நடை வேகத்திலேயே தொடர்ந்தது. எங்களைக் கடக்கும்போது ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். அவர் எத்தனை பேரைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.