மறைத்த விவாகரத்தும் கிடைக்காத பென்ஷனும்

படிவம் நிரப்பிக் கொடுப்பவனிடம் ஊரார் குடும்பமெல்லாம் பெயர், பிறந்த தேதி, உறவுமுறை என்று மூன்று வரியாகத்தான் வந்து சேரும். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ராஜா, கோபித்துக்கொண்டு போன ராணி திரும்பி வந்தாள், சுகமாக இருந்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். ராஜா செத்த பிறகு ராணிக்குக் குடும்ப பென்ஷன் உண்டா என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் கால்கடுக்க நின்ற உங்களுக்கும் இது புரியும்.

வக்கீல் வைக்காத அக்கா

அஸ்தினாபுரத்திலிருந்து கஸ்தூரி அக்கா வந்தார். அரசு வேலையில் இருந்த கணவரைப் பிரிந்து பதினெட்டு வருஷம். அதன்பிறகு அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் விவாகரத்துக்குக் கோர்ட்டுக்குப் போகவில்லை, அதனால் அவர் இறந்தபோதும் சட்டப்படி மனைவி. பென்ஷன் ஆர்டர் வந்ததும் மிக்சர் பாக்கெட்டோடு வந்து சொன்னார்: "நல்ல வேளை தம்பி, வக்கீலுக்குக் குடுக்க அப்ப என்கிட்ட துட்டு இல்ல."

எந்தக் கட்டம்?

அதே வாரம் சிட்லபாக்கத்திலிருந்து சரோஜா அம்மா வந்தார். நெற்றியில் வெறும் திருநீறு. கணவர் ரிட்டயர்டு அரசு ஊழியர், இறந்து நாற்பது நாள். பக்கவாதத்தில் விழுந்தவரை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர். இப்போது முட்டி வலியில் தையல் மிஷினை மிதிக்க முடியவில்லை. அந்தப் பென்ஷன் வந்தால்தான் வாடகையும் மாத்திரையும்.

'விதவை', 'விவாகரத்தானவர்' என்று இரண்டு கட்டம்; 'விதவை'யில் டிக் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு கோர்ட் தீர்ப்பை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நீட்டினார். பல வருஷம் முன்பு இருவரும் சம்மதித்து வாங்கிய விவாகரத்து. அந்தக் கோபத்தில் கணவரே ஒரு நகலை ஆபீஸில் கொடுத்து, குடும்ப விவரத்திலிருந்து மனைவி பெயரை அடித்துவிட்டிருந்தார். ஒரு வருஷத்தில் சமாதானமாகி வீட்டுக்கு வந்துவிட்டார் இந்த அம்மா. பெயர் மட்டும் திரும்பி வரவில்லை. கடை முதலாளி பஷீர் அண்ணன் தீர்ப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்: "ரெண்டு கட்டமும் சரிதான்டா, ஆனா ஒண்ணுலதான் காசு வரும்."

மலைப்படியில் மஞ்சள் கயிறு

விவாகரத்தான மனைவிக்குக் கிடையாது, மறுபடி கல்யாணம் செய்திருந்தால் ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றது ஆபீஸ். கடைக்குத் திரும்பி வந்து சொன்னார்: "ஆச்சே தம்பி! திருநீர்மலைக் கோயில் படியில நின்னு அவரே மஞ்சக் கயிறு கட்டினார்."

"போட்டோ?"

"எடுக்கல."

"கூட யாராவது?"

"யாரையும் கூப்பிடல. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தோம். ரெண்டாவது தடவை தாலி கட்டினா, முதல்ல அறுந்தது தெரிஞ்சுடாதா?"

விவாகரத்தே தெருவில் யாருக்கும் தெரியாது. தையல் வேலைக்காக இந்த அம்மா வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லி ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கு இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எழுதி வாங்கி வரச் சொன்னேன். ஐந்து பேர் ஆசையாக எழுதிக் கொடுத்தார்கள். ஐந்திலும் ஒரே வாசகம்: 'இவர்கள் ஒருநாளும் பிரிந்ததே இல்லை.' கோர்ட் தீர்ப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தால் ஐந்துமே பொய்யாகிவிடும். மறுகல்யாணம் நடந்ததாக ஒரு வரிகூட இல்லை. வேறு மாதிரி எழுதச் சொல்லலாமே என்றேன். அதற்கு முதலில் விவாகரத்தைச் சொல்ல வேண்டும். மகள் வாழ்கிற வீட்டை நினைத்து அந்த அம்மா தலையை ஆட்டினார். இனி வழக்குப் போட்டால்தான் உண்டு, அதுவும் சம்பந்திக்குத் தெரியாமல் நடக்காது.

காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார். ஜெராக்ஸுக்கு எவ்வளவு என்று கேட்டார். பஷீர் அண்ணன் வேண்டாம் என்று கையசைத்தார். படி இறங்கும்போது அந்த அம்மா திரும்பிச் சொன்னார்: "யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அவ்ளோ கவனமா இருந்தோம் தம்பி, ஒருத்தருக்கும் தெரியாமலே போச்சு."

முட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். பிரிந்ததற்கு முத்திரை போட்ட நகல் கொடுக்கிறார்கள், சேர்ந்ததற்கு நாம்தான் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.