கடைசியில் ஒன்றும் இல்லை

அந்தத் தியேட்டரைப் பெருக்குகிறவளுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் கிளைமாக்ஸ் அக்கா. பதினோரு வருஷமாக வரிசையாக வந்த முகமூடி வீரன் படங்களில் ஒன்றைக்கூட அவள் முதலிலிருந்து பார்த்ததில்லை. முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் துடைப்பத்தோடு உள்ளே வந்து சுவரோரம் நிற்பாள். யார் செத்தார், யார் பிழைத்தார் என்பதெல்லாம் அத்துப்படி. ஏன் என்பதுதான் தெரியாது. வீட்டுக்குப் போய் முடிவைச் சொன்னால், காமிக்ஸைக் கரைத்துக் குடித்த மகள் முன்கதையைச் சொல்லுவாள்.

பெயர்கள் ஓடியபின் வரும் ஓரிரண்டு குட்டிக் காட்சிகளுக்காக ரசிகர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். "அக்கா, இதுல எத்தனை?" என்று கேட்பார்கள். அவள் விரலைக் காட்டுவாள். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

புதுப் படத்தின் முதல் நாள், மதியக் காட்சி. பெயர்கள் ஓடத் தொடங்கியபோது திரையோரத்து ஏசி துவாரத்திலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. பின்னாலேயே மெல்லிய புகை. டிக்கெட் கிழிப்பவரிடம் ஓடி, தீயணைப்புக்குப் போன் செய்யச் சொன்னாள். பக்கவாட்டுக் கதவில், ஓசியில் யாரும் நுழையாதிருக்க மேனேஜர் போட்ட பூட்டு தொங்கியது. மிச்சம் ஒரே வாசல். உள்ளே முந்நூறு பேர், குழந்தை குட்டிகளோடு.

தீ என்று கத்தினால் மிதிபட்டே சாவார்கள். பேசாமல் இருந்தால் நகரமாட்டார்கள். முன்னால் போய்க் கை தட்டினாள்.

"இதுல கடைசியில ஒண்ணும் இல்லப்பா! எழுந்திருங்க, நான் பெருக்கணும்!"

"ச்சே!" என்று அலுத்துக்கொண்டார்கள். ஆனாலும், "அக்காவே சொல்லிட்டாங்க" என்று வரிசை வரிசையாக எழுந்தார்கள். நடு வரிசையில் முகமூடியோடு ஒருவர் மட்டும் அசையவில்லை. எல்லாப் படத்துக்கும் முதல் நாளே வரும் கணக்கு வாத்தியார்.

"ரெண்டு சீன் இருக்குன்னு நெட்ல போட்டிருக்காங்களே?"

அவர் காதருகே குனிந்தாள். "சார், புகை வருது. கத்தாதீங்க. பின்னாடி இருக்கற பிள்ளைங்களை முதல்ல கூட்டிட்டுப் போங்க."

முகமூடியைக் கழற்றிவிட்டுப் பின்வரிசைக்குப் போனார். "மெதுவா வாங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டார். கடைசிக் குழந்தை வாசலைத் தாண்டும்போது விளக்குகள் அணைந்தன. ஒவ்வொரு வரிசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

தெருவில் நாலைந்து பேர் மறித்தார்கள். "ரெண்டு சீன் இருக்காம்! பொய்யா சொன்னீங்க?"

"ஆமா. பொய்தான்."

அதற்குள் அவள் முதுகுக்குப் பின்னால் கரும்புகை கிளம்பியதைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு எல்லாரையும் வெளிய அனுப்பின?"

"அந்தக் கதவுச் சாவி எங்க சார்?"

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பக்கத்தில் நின்ற வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பூட்டிய கதவைப் பற்றி வாத்தியார் எழுதிய புகாரில், முதல் சாட்சியாக அவள் கையெழுத்துப் போட்டாள்.